சரியான விடைக்குத் தவறு போடும் கருவி

ராஜாஜி பிறந்த ஊர் எது? ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. தொரப்பள்ளி ஓசூரை ஒட்டிய கிராமம். ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று அங்கேதான் பிறந்தார். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு மாணவி இந்தக் கேள்விக்கு ‘தொரப்பள்ளி’ என்று தட்டச்சு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. அதன் கீழே ஒரு வரி: ‘சரியான விடை: தொரப்பள்ளி.’

இரண்டு சொல்லையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆசிரியரும் பார்க்கிறார், அவருக்கும் தெரியவில்லை. ஆனால் கணினி பொய் சொல்லவில்லை. அது ஒப்பிட்ட இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறானவை.

தமிழில் வினாடிவினா தயாரிக்கும் ஆசிரியர்கள் எப்போதாவது ஒருமுறை முட்டிக்கொள்ளும் சிக்கல் இது. கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நார்வேயில் உருவான எச்-ஃபைவ்-பி, கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஹாட் பொட்டேட்டோஸ், எல்லாருக்கும் பழக்கமான கூகுள் ஃபார்ம்ஸ் எல்லாம் இருக்கின்றன. உலகமெங்கும் வகுப்பறைகளுக்குள் போன குவிஸிஸ் நமக்கு அடுத்த வீட்டுக்காரர்தான். அங்கித் குப்தாவும் தீபக் ஜாய் சீனத்தும் 2015-இல் அதைத் தொடங்கியது பெங்களூருவில், ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 2025-இல் அதன் பெயர் வேகிரவுண்ட் என்று மாறியது. ஆசிரியர் கேள்வியும் விடையும் கொடுத்தால் போதும். கோடிட்ட இடம், பொருத்துக, குறுக்கெழுத்து என்று கருவி வடிவம் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் அந்தக் கணமே திருத்திவிடும்.

‘திருத்தும்’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது என்ன செய்கிறது?

ஓசூர் சிப்காட்டில் எந்த இயந்திரப் பட்டறைக்குள் போனாலும் ‘கோ–நோகோ கேஜ்’ என்ற உருளைத் துண்டு ஒன்று இருக்கும். துளை போட்ட பாகத்தை எடுத்து கேஜின் ஒரு முனையை நுழைப்பார்கள்; அது போக வேண்டும். மறுமுனையை நுழைப்பார்கள், அது போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் பாகம் தேறியது. அந்தத் துளை மோட்டார் சைக்கிளுக்கா, லாரிக்கா என்பது கேஜுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நம் வினாடிவினாக் கருவியும் இப்படித்தான். அதற்கு ராஜாஜியும் தெரியாது, தொரப்பள்ளியும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆசிரியர் கொடுத்த எண்வரிசை ஒன்று, மாணவி தட்டியதால் உண்டான எண்வரிசை ஒன்று. இரண்டும் அச்சாக ஒன்றென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

எண்வரிசை எங்கிருந்து வந்தது? கணினிக்குள் எழுத்துகள் எண்களாகத்தான் இருக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் ஒதுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. ஒவ்வோர் எண்ணையும் குறியெண் என்று அழைப்போம். தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். நம் எழுத்துகளோ 247, கிரந்தம் தனி. அத்தனைக்கும் இடம் எப்படிப் போதும்? போதாது. அதனால் உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் எண் கொடுத்தார்கள். உயிர்மெய்யைத் துண்டுகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1988-இல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் வழியை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

ஆக, நாம் ‘தொ’ என்று ஓரெழுத்தாகப் படிப்பது கணினிக்கு இரண்டு எண்கள்: ‘த’ 2980, ஒகரக் குறி 3018. சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஒகரக் குறி கண்ணுக்கு இரண்டு துண்டு: எழுத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால். கொம்புக்குத் தனியாக 3014 உண்டு, காலுக்குத் தனியாக 3006 உண்டு. எனவே ‘தொ’வை 2980, 3018 என்றும் எழுதலாம், 2980, 3014, 3006 என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். தொரப்பள்ளி முதல் வழியில் 10 குறியெண், இரண்டாம் வழியில் 11. ஆசிரியர் தன் பழைய வினாத்தாளைப் பாமினி போன்ற எழுத்துருவிலிருந்து ஏதோ ஒரு மாற்றியின் வழியே யூனிகோடுக்குக் கொண்டுவந்து ஒட்டியிருப்பார். அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை, மாற்றியும் தனித்தனியாகவே மாற்றியிருக்கும். மாணவி புதிய விசைப்பலகையில் நேரடியாகத் தட்டினாள். கேஜ் 11-ஐ எதிர்பார்த்தது, வந்தது 10.

இதை நம்ப ஆய்வகம் வேண்டாம், ஒரு கைப்பேசி போதும். சந்தேகமான ‘தொ’வின் பின்னால் கர்சரை வைத்து, பின்நீக்க விசையை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பெரும்பாலான கருவிகளில் அது ஒரு குறியெண்ணைத்தான் அழிக்கும். மிச்சம் ‘த’ என்றால் உங்கள் ஒகரம் ஒரே எண். மிச்சம் ‘தெ’ என்றால் அது இரண்டாகப் பிளந்த ஒகரம். விரிதாள் பழகியவர்கள் சொல்லின் நீளத்தை எண்ணும் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம்; 10-ஆ 11-ஆ என்று அதுவே சொல்லிவிடும்.

யூனிகோடுக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். இந்த இரண்டு வடிவமும் சமம் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு ‘இயல்பாக்கம்’ என்று பெயர் சொல்லலாம். நிரலில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதிய கருவியில் நம் மாணவிக்குப் பச்சை விழும், எழுத மறந்த கருவியில் சிவப்பு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு அந்த வரி இல்லாத குறை தெரியவே தெரியாது.

இயல்பாக்கமும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. ‘கௌதாரி’ என்று எழுதும்போது பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் போட்டு ‘கெளதாரி’ என்று அடித்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அங்கே இருப்பது ளகரம் என்ற முழு எழுத்து, குறியெண் 2995. விதிப்படி இது வேறு சொல்தான். கணினி அதைக் கெ-ள-தாரி என்றே படிக்கும்.

இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு, நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னால் போதாதா? பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். தொடுவதில் எழுத்தே இல்லை. இரண்டாவது பொத்தானா, மூன்றாவதா என்பது மட்டும்தான். எந்த மொழியிலும் கேஜ் தவறாது. நான்கு விடை வினாவை நான் மட்டம் என்று சொல்லவில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி, விடைகளில் ஐந்தில் இரண்டையும் வைத்தால், மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டும் பிள்ளைகள் யார் யார் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். தவறான விடைகளை யோசித்து வைக்கும் ஆசிரியரின் கையில் அது நல்ல ஆயுதம். ஆனால் நினைவில் நிற்க வேண்டிய விஷயத்துக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடும் சோதனைகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 91 பள்ளிகளைச் சேர்ந்த 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் நடத்திய ஆய்வு 1939-இல் வெளியானது. பாடம் படித்த சூட்டோடு சோதனை எழுதிய பிள்ளைகள், எழுதாதவர்களைவிடப் பின்னாளில் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். சோதனை மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல, அதுவே ஒரு படிப்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு மறந்தும் போனது. 2006-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் அதைக் கச்சிதமாகக் காட்டினார்கள். மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்தவர்களுக்கு நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தின இரவு திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் தெம்பாக இருக்கிறது, ஏன் அடுத்த வாரம் காணாமல் போகிறது என்பதற்கு இந்த நான்கு எண்களே விளக்கம். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் இந்த உழைப்பை ‘நினைவுமீட்பு’ எனலாம்.

நான்கில் ஒன்றைத் தொடும்போது விடை கண் முன்னால் இருக்கிறது; அடையாளம் கண்டால் போதும். எழுதும்போது மீட்க வேண்டும். அப்படியானால் எழுதுவது எப்போதும் மேல் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஷான் காங், மெக்டெர்மட், ரோடிகர் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முடிச்சு இருந்தது. விடை சரியா என்று உடனே சொல்லாமல் விட்டால், சிறுவிடை எழுதியவர்களைவிடத் தொட்டுத் தேர்ந்தவர்களே பின்னால் நன்றாகச் செய்தார்கள். சரியான விடையை உடனுக்குடன் காட்டினால், எழுதியவர்கள் முந்தினார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: எழுதுவது கடினம், நிறையத் தவறும், தவறியதை யாரும் திருத்தாவிட்டால் மீட்பே நடக்கவில்லை என்றுதான் ஆகும்.

இப்போது நம் மாணவிக்கு வருவோம். எழுதுவதன் முழுப் பலனும் கருவி உடனே சொல்லும் ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல்லே தமிழில் நம்பத்தகாததாக இருந்தால்? நினைவிலிருந்து தானாக மீட்டெடுத்த சரியான விடைக்குத் ‘தவறு’ என்று கேட்ட பிள்ளை, அடுத்த முறை தன் நினைவை நம்புமா, திரையை நம்புமா? ஆசிரியர் அலுத்துப்போய்ப் பொத்தான் வினாக்களுக்கே திரும்பிவிடுகிறார். தமிழ் வகுப்பறைக்கு இதில் நட்டம் இருக்கிறது என்பது என் கருத்து.

கருவிகள் தாங்களாகவே ஒரு சமாதானம் வைத்திருக்கின்றன: சிறு எழுத்துப்பிழையை மன்னிப்பது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவார்கள். இந்தத் ‘திருத்தத் தொலைவு’ 1965-இல் ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் தந்தது. எச்-ஃபைவ்-பியில் இந்தச் சலுகையை இயக்கினால், சொல் ஒன்பது எழுத்துக்கு மேல் போனால் இரண்டு பிழை வரை மன்னிக்கும்; அதற்குள் இருந்தால், ஓரிரு எழுத்துச் சொற்களைத் தவிர, ஒன்று. ஆங்கிலத்துக்கு அழகான ஏற்பாடு. தமிழில் எண்ணப்படுவது எழுத்து அல்ல, குறியெண். ‘புலி’ நான்கு குறியெண். லகரத்துக்குப் பதில் ளகரம் என்பது ஒரே ஒரு திருத்தம். ஆகவே காட்டில் உறுமும் விலங்கு எது என்ற கேள்விக்குப் ‘புளி’ என்று எழுதினாலும் பச்சை விழும். ல, ள, ழ பயிற்சியே கொடுக்க வந்த தமிழாசிரியர் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மறுபக்கம், ‘கொடி’ என்று சரியாக எழுதி, ஒகரம் மட்டும் பிளந்திருந்தால், இயல்பாக்கம் செய்யாத ஒப்பீட்டில் ஒன்றை மாற்றி ஒன்றைச் சேர்க்க இரண்டு திருத்தம் ஆகிறது. சிறிய சொல்லுக்கு ஒன்றுதானே சலுகை, எனவே சிவப்பு. இதே பிளவு தொரப்பள்ளியில் நேர்ந்தால், அது நீளமான சொல் என்பதால் தப்பிவிடும். பிழைக்குப் பாஸ், சரிக்கு ஃபெயில், இன்னொரு சரிக்கு அதிர்ஷ்டத்தில் பாஸ்.

சொல் விளையாட்டுகளில் கூத்து இன்னும் அதிகம். எழுத்துகளைக் கலைத்துப்போட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியில் ‘கிருஷ்ணகிரி’யைக் கொடுத்துப் பாருங்கள். நமக்கு ஆறு எழுத்து: கி, ரு, ஷ், ண, கி, ரி. குறியெண்ணோ பதினொன்று. குறியெண்ணை எழுத்தென்று நம்பும் கருவி பதினொரு கட்டம் போட்டு, ஒன்றில் வெறும் புள்ளியையும் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் தவிக்கும் இகரச் சுழியையும் வைக்கும். இதற்கும் விதி இருக்கிறது. எந்தெந்தக் குறியெண்கள் சேர்ந்து வாசகருக்கு ஓர் எழுத்து என்று சொல்லும் ‘எழுத்துக் கொத்து’ விதிகளை யூனிகோடே வெளியிட்டுள்ளது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் கூட்டாளிகளும் செய்த ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பு தமிழ்ச் சொல்லைச் சரியாக எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்ற வாதமும் உண்டு. அப்படி அமைந்த டேஸ்-16 முறையை யூனிகோடுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. ஆனால் உலகத்துக் கருவிகள் யூனிகோடையே பேசுகின்றன என்பதால், வகுப்பறைக்கு அது எட்டவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கணக்கு இதோடு முடியாது. தருமபுரியிலிருந்து 2004-இல் பிரிந்த இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது வழியிலும் பள்ளிகள் நடக்கின்றன. அதே ஊர்ப்பெயரைக் கன்னடத்தில் எழுதினால் ஷகரத்தின் அடியில் ணகரம் தொங்கும். இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. அங்கே கட்டம் நான்குதான். புள்ளி வைத்த மெய் தனி எழுத்து என்ற தமிழ் விதியைக் கன்னடத்துக்குப் போட்டால் ஐந்து கட்டம் வரும், கன்னட ஆசிரியருக்கு அது உடைந்த சொல். உருதுவில் கட்டங்களே வலமிருந்து இடமாக ஓட வேண்டும். ஒரே பயிற்சியை நான்கு மொழிப் பிரிவுக்கும் ஒரே பொத்தானில் மாற்றிவிடலாம் என்று விளம்பரம் செய்யும் கருவியைப் பார்த்தால், முதலில் ‘கிருஷ்ணகிரி’யைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வேன்.

இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது என்ற சிக்கல் புதிதல்ல. 1920களில் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி செய்த முதல் கற்பிக்கும் இயந்திரத்தில் நான்கே விசைகள், தொட்டுத் தேர்வதுதான். ஹார்வர்டின் பி. எஃப். ஸ்கின்னருக்கு அது பிடிக்கவில்லை. மாணவர் விடையைத் தானே ஆக்க வேண்டும் என்றார். 1950களின் இயந்திரம் கையெழுத்தைப் படிக்குமா? படிக்காது. அதனால் ஸ்கின்னர் ஒப்பிடும் வேலையையே மாணவரிடம் கொடுத்தார். மாணவர் காகிதப் பட்டையில் விடையை எழுதி நெம்புகோலை நகர்த்துவார். எழுதியது கண்ணாடிக்கடியில் போய்விடும், இனித் திருத்த முடியாது. பக்கத்தில் சரியான விடை திறக்கும். இரண்டையும் பார்த்துச் சரியா தவறா என்று மாணவரே குறிப்பார். எச்-ஃபைவ்-பியின் திருப்பும் அட்டைகளில் இந்த யோசனை இன்றும் இருக்கிறது: நோட்டில் எழுது, அட்டையைத் திருப்பு, நீயே பார். குறியெண்ணும் இல்லை, கொம்பும் காலும் இல்லை. மதிப்பெண் பதிவேட்டுக்கு இது உதவாது, படிப்புக்கு உதவும்.

கருவியே திருத்த வேண்டும் என்றால், விடைப்பட்டியலை நீளமாக வைப்பதுதான் ஆசிரியர் கையில் இருக்கும் வழி. பெரும்பாலான கருவிகள் ஒரு வினாவுக்குப் பல விடைகளை ஏற்கும். ஓசூர், ஒசூர் இரண்டுமே பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. இரண்டையும் கொடுக்க வேண்டும். பெங்களூர், பெங்களூரு, அதுவும் அப்படியே. எல்லா வடிவமும் முன்கூட்டியே யாருக்கும் தோன்றாது. எனவே சோதனை முடிந்த பிறகு மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், ‘தவறு’ என்று ஒதுக்கப்பட்ட விடைகளின் பட்டியலைத் திறப்பது நல்லது. ஒரே சொல் இரண்டு தனி வரிசையில் வந்திருந்தால் அது பிளந்த ஒகரம் அல்லது ளகர ஔகாரம். கிருஷ்ணகிரி அணை எந்த ஆற்றில் இருக்கிறது என்று கேட்டு, விடையாகத் ‘தென்பெண்ணை’ என்று மட்டும் வைத்திருந்தால், ஒதுங்கிக் கிடப்பவை: தென்பெண்ணையாறு, இடைவெளி விட்ட தென்பெண்ணை ஆறு, பெண்ணையாறு, பொன்னையாறு. வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை ஒன்று, நந்தி மலையிலிருந்து இறங்கிவரும் அதே ஆற்றைத் ‘தட்சிண பினாகினி’ என்று எழுதியிருக்கும். ஐந்தும் சரி, ஐந்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டு மதிப்பெண்ணை மறுபடி போடச் சொல்ல வேண்டும்.